கொண்டுவந்து விட்டவர்கள்

பெனடிக்றைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனதில் ஊரில் யாருக்கும் ஆச்சரியம் இருக்கவில்லை. அன்றிரவே திரும்பக் கொண்டுவந்து வீட்டில் விட்டதுதான் எல்லாரையும் குழப்பியது.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்த மாதம். வாசல் தகரத்துக்கு முண்டு கொடுத்துவிட்டு அகஸ்ரினா விழித்திருந்தாள். மகள் கிறிஸ்ரினா புத்தகத்தின் மேலேயே நித்திரையாகிவிட்டாள். வெளியே மணலில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. வெறுங்கால் மணலில் நடக்கிற சத்தம் வேறு, சப்பாத்து நடக்கிற சத்தம் வேறு. அதைப் பிரித்தறியாத காது அந்தக் கரையில் கிடையாது. அகஸ்ரினா கிடுகு வேலிக்குள்ளால் பார்த்தாள். டோர்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. நடுவில் அவள் புருஷன் பெனடிக்ற். இரண்டு பக்கமும் காக்கி உடுப்பு. ஒருவர் அவன் கையைப் பிடித்திருந்தார்.

அவளுடைய அண்ணன் அருளப்புவையும் இப்படித்தான் நடுவில் விட்டு நடத்திக்கொண்டு போனார்கள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. உடுப்புப் போட்டவர்கள் வந்தார்கள், 'விசாரிச்சிட்டு விடுவம்' என்றார்கள், போனார்கள். அருளப்பு திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவளும் கலியாணம் முடித்து, கடல் தாண்டி, இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் பிள்ளை பெற்று, பதினெட்டு வருடம் அங்கே அரிசிக்கு வரிசையில் நின்று, சண்டை முடிந்தபின் ஊர் திரும்பியிருந்தாள்.

அவள் வாசலைத் திறந்துகொண்டு ஓடிப்போய் மணலில் முழங்காலில் விழுந்தாள்.

"ஐயா, கொண்டுபோகாதேங்கோ ஐயா. அவர் ஒண்டுக்கும் போகாதவர். குடிச்சால் கத்துவார், அவ்வளவுதான். மாதாவாணை ஐயா..."

டோர்ச் பிடித்திருந்த இளம் பொலிஸ்காரன் பதறிப்போனான். "அக்கா, அக்கா, எழும்புங்க. நாங்க கூட்டிட்டுப் போக வரல்ல. விட வந்திருக்கம்."

அவன் கான்ஸ்டபிள் பவ்ஸான். கிண்ணியாப் பொடியன். பக்கத்தில் நின்றவர் சார்ஜன் பியதிலக. நரைத்த மீசை, கொஞ்சம் தொந்தி, கையில் பொல்லு இல்லை. அவர் பெனடிக்றின் கையை எடுத்து, ஒரு சாமானை ஒப்படைக்கிற மாதிரி, அகஸ்ரினாவின் தோளில் வைத்தார்.

"தண்ணி குடு. படுக்க விடு. காலையில பேசு, இப்ப பேச வேணாம்," என்றார். அவருடைய தமிழ் அவ்வளவுதான்.

அவர்கள் போனபின்னும் அவளுடைய கால்கள் நடுங்குவது நிற்கவில்லை. பெனடிக்றின் வாயில் சாராயத்தோடு தேத்தண்ணியும் மணத்தது.

*

சந்தியில் இருந்த சாராயத் தவறணைதான் ஊருக்குப் பொல்லாப்பு. இந்தியாவிலிருந்து வருகிற றோலர் இழுவைப்படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போன நாட்களில் ஆண்கள் கரைக்கு வந்ததும் நேரே அங்கே போவார்கள். அது பூட்டுகிற நேரம் சந்தியில் சண்டை தொடங்கும். முன்பிருந்த பொலிஸ் ஜீப்பில் வந்து இறங்கி அடிக்கும். அகப்பட்டவனை அடைக்கும், கோட்டில் நீதவான் முன் நிறுத்தும், தண்டம் கட்டி வந்தவன் அந்தக் கோபத்துக்கே மறுபடி குடிப்பான்.

பியதிலக வந்தபிறகு அதை மாற்றினார். சந்திக்கருகில் பழைய மீன் ஏலக் கொட்டில் ஒன்று சும்மா கிடந்தது. அதற்குள் நாலு பிளாஸ்ரிக் கதிரை போட்டார். மண்ணெண்ணெய் அடுப்பும் கேத்தலும் கொண்டுவந்து வைத்தார். சண்டை பிடிக்கிறவனை இழுத்து வந்து இருத்துவார்; அடி இல்லை, ஏச்சும் இல்லை. சீனி போட்டு, பால் விடாத பிளேன்ரியும் ஒரு துண்டுப் பாணும் கொடுப்பார். வெறி தணியும்வரை பக்கத்திலேயே இருப்பார். பிறகு அவனுடைய வீடுவரைக்கும் நடத்திக்கொண்டு போய் விடுவார். ஜீப்பில் அல்ல, நடந்து.

மேலிடத்தில் இதற்கு அவருக்குப் பேச்சு விழுந்ததாக ஒரு கதை இருந்தது. ஊரில் சிரித்தார்கள். "பொலிஸ் தேத்தண்ணிக் கடை போட்டிட்டுது" என்றார்கள். ஆனால் ஒருவரும் அந்தக் கதிரையில் இருக்க விரும்பவில்லை. பொலிஸ் டோர்ச்சின் வெளிச்சத்தைக் கண்டதும் ஒவ்வொருவனையும் அவனவன் தம்பியோ மச்சானோ தோளில் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் மறைந்துவிடுவார்கள். முகாமிலிருந்து திரும்பி வந்து குடியேறிய பெனடிக்றுக்குத் தம்பியும் இல்லை, மச்சானும் இல்லை. அவன் சந்தி நடுவில் கடலைப் பார்த்துக் கத்திக்கொண்டு நிற்பான். அதனால் அகப்படுகிறவன் எப்போதும் அவனாகவே இருந்தான். அந்த மாதத்தில் எத்தனையோ இரவு அவனை அந்த இருவரும் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள்.

ஒவ்வொரு முறையும் ஒழுங்கை நாய்கள் குரைத்தன. ஒவ்வொரு முறையும் அயல் வீடுகளில் விளக்கு அணைந்தது.

*

சரீபாவின் கருவாட்டு வாடியில் அகஸ்ரினாவுக்கு வேலை. விடிய முன்னம் வந்து இறங்கும் சூரையையும் கட்டாவையும் முதுகுப்பக்கமாகக் கீறி, குடல் எடுத்து, கடல் தண்ணியில் அலசி, உப்பு அடைத்து தொட்டியில் அடுக்கவேண்டும். முதல்நாள் உப்பில் கிடந்ததை எடுத்துப் பரணில் காயப்போடவேண்டும். சோளகத்தில் வெயில் இருந்தாலும் மணல் பறக்கும். ஒவ்வொரு மீனையும் தட்டித் தட்டித்தான் திருப்பலாம். வாடியில் ஆறு பெண்கள். வேலை முடியும்வரை வாயும் ஓயாது. கோயில் கதை, சங்கத்துக் கதை, வீட்டுத்திட்டத்தில் யாருக்கு அத்திவாரம் வந்தது என்ற கதை.

அந்தப் பெண்கள் அவள் வந்தால் கதையை நிறுத்தத் தொடங்கினார்கள்.

முதலில் அவள் அதைக் கவனிக்கவில்லை. ஒருநாள் உப்புக் கூடையோடு உள்ளே வந்தபோது பேச்சு வெட்டினாற்போல நின்றது. கத்திகள் மீனில் போகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் தன் பலகையில் போய் இருந்தாள். பக்கத்தில் இருந்தவள் தன் பலகையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

மதியம் மற்றவர்கள் போனபின் சரீபா அவளைக் கூப்பிட்டாள். எருக்கலம்பிட்டிக்காரி. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஊரோடு புத்தளம் போய், அங்கே உப்பளத்தில் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்து, திரும்பி வந்து வாடி போட்டவள். பீங்கானில் சோறும் கத்தரிக்காய்ப் பாலாணக் கறியும் வைத்துத் தந்தாள்.

"சாப்பிடு. சாப்பிட்டுக்கொண்டே கேளு. உன்ட மாப்பிள்ளையப் பத்தி என்ன கதைக்கிறாங்க எண்டு உனக்குத் தெரியுமா?"

"குடிக்கிறார் எண்டுதானே ராத்தா? அது பொய்யே?"

"குடிக்கிறது ஆரும் பெரிசா எடுக்கல்ல. குடிக்காதவன் எவன்? பொலிஸ் அவனை ஏன் அடிக்குதில்ல எண்டு கேக்கிறாங்க."

அகஸ்ரினா கையில் எடுத்த சோற்றை வைத்துவிட்டாள்.

"மத்தவனெல்லாம் ஓடுறான். இவன் மட்டும் போய் இருந்து தேத்தண்ணி குடிக்கிறான். பொலிஸ் கையப் பிடிச்சு வீட்ட கொண்டுவந்து விடுது. அவ்வளவு நேரம் இருந்து என்னத்தப் பேசுறாங்க? ஊருல எவன் என்ன செய்யிறான் எண்டு சொல்லிக் குடுக்கிறான், அதுக்குத்தான் இந்த மரியாதை எண்டு கதை."

"ராத்தா, அவருக்கு வெறியில தன்ர பேரே நினைவிருக்காது!"

"எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியணுமே. ஒண்டு சொல்றன் கேளு. இந்த ஊருல பொலிஸ் அடிச்சவனுக்குச் சோறு கிடைக்கும். பொலிஸ் தோளுல கை போட்டவனுக்கு..." சரீபா பீங்கானை அவள் பக்கம் தள்ளினாள். "சாப்பிடு பிள்ள. ஆறுது."

*

அதே கிழமை கடலில் ஒரு காரியம் நடந்தது. கள்ளமாகப் பீடியிலைப் பொதிகளோடு வந்த படகொன்றை மணல் தீடைக்கு இந்தப்பக்கம் நேவி மடக்கியது. படகில் இருந்தவன் நீந்தித் தப்பிவிட்டான். தப்பியவன் றெக்சன் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், சொல்லத்தான் ஆளில்லை. படகு போய்விட்டது. அது றெக்சனின் தாய்மாமன் அமிர்தநாயகத்தின் படகு. பெனடிக்ற் தொழிலுக்குப் போவதும் படகுகளின் சொந்தக்காரரான அந்தச் சம்மாட்டியிடம்தான், வேறொரு படகில்.

மறுநாள் விடிய வெளிக்கிட்டுப் போன பெனடிக்ற் உடனேயே திரும்பி வந்தான். சாப்பாட்டு வாளியைத் திறக்காமலே வைத்தான்.

"ஏன், கடல் மோசமோ?"

"கடல் நல்லாத்தான் இருக்கு. என்ர இடத்தில வேற ஆள் நிக்கிறான்."

கொல்லைப்பக்கம் போய் இருந்துகொண்டான். குடிக்காதபோது அவன் அப்படித்தான், பேச்சே வராது.

பின்னேரம் அமிர்தநாயகமே வந்தார். வெள்ளைச் சாரமும் சேட்டும். சைக்கிளைச் சாய்த்துவிட்டு, முற்றத்தில் போட்ட கதிரையைத் தட்டித் துடைத்து இருந்தார். கிறிஸ்ரினா கொடுத்த தேத்தண்ணியை வாங்கிக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, நான் கோபத்தில வரேல்லை. அதை முதல் விளங்கிக்கொள்ளும்."

"சொல்லுங்கோ அண்ணை."

"பெனடிக்ற் நல்ல தொழிலாளி. வலை பொத்துறதில அவனைப் போல ஆள் இல்லை. ஆனா படகில நாலு பேர் போறதெண்டால், நாலு பேருக்கும் ஒருத்தரில ஒருத்தருக்கு நம்பிக்கை இருக்கவேணும். மற்றவங்கள் இவனோட வரமாட்டம் எண்டுறாங்கள். நான் என்ன செய்ய?"

"அவர் ஆருக்கு என்ன செய்தவர் அண்ணை?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. ஊர் சொல்லுது."

"ஊர் எண்டால் ஆர்? பேரைச் சொல்லுங்கோ, நான் போய்க் கேக்கிறன்."

அமிர்தநாயகம் சிரித்த மாதிரி இருந்தது. "கேட்டு? பேர் சொல்லுற ஊரே இது? இருவது முப்பது வரியமா ஒருத்தரும் பேர் சொல்லாமத்தானே இவ்வளவும் நடந்தது." எழுந்து சைக்கிளை எடுத்தார். "றெக்சன் இளம் பொடியன். கை முந்தும், யோசனை பிந்தும். நான் சொல்லி வைச்சிருக்கிறன். ஆனா அவனும் குடிச்சால் நான் சொன்னது நிக்காது. பெனடிக்றைக் கொஞ்ச நாளைக்குச் சந்திப்பக்கம் விடாதையும். இந்தியாவில உமக்கு ஆக்கள் இருக்கினந்தானே? கொஞ்ச நாளைக்கு..."

"திரும்பி முகாமுக்குப் போகச் சொல்லுறியளோ அண்ணை?"

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். தேத்தண்ணி அப்படியே ஆறிக் கிடந்தது.

அன்றிரவு கூரைத் தகரத்தில் கல் விழுந்தது. காலையில் பார்த்தால், முற்றத்து முருங்கையில் காயப்போட்டிருந்த பெனடிக்றின் சொந்த வலை நடுவால் வெட்டப்பட்டிருந்தது. மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. அவன் அதைக் கையில் அள்ளிப் பார்த்தான். கண்ணிகளை விரித்து விரித்துப் பார்த்தான். பிறகு மடியில் போட்டுக்கொண்டு குந்திவிட்டான்.

"றோலர் கடலுக்கையெல்லோ வெட்டுறது," என்றான் மெதுவாக.

பள்ளிக்கூடத்திலிருந்து கிறிஸ்ரினா அழுதுகொண்டு வந்தாள். "அம்மா, என்னைய சீஐடி மகள்னு சொல்றாங்க." முகாமில் பிறந்த பிள்ளை, பேச்சில் இன்னும் அந்தக் கரையின் இழுவை போகவில்லை. "நம்ம அங்கேயே இருந்திருக்கலாம்மா."

அகஸ்ரினா தண்ணீர் தெளித்து அடுப்பை நூர்த்தாள். கொடியில் கிடந்த நல்ல சேலையை எடுத்து உடுத்தினாள்.

"எங்கம்மா போறீங்க?"

"பொலிசுக்கு."

*

அவள் வாழ்க்கையில் எந்த உடுப்புக்காரரிடமும் தானாக நடந்து போனதில்லை. வாசலில் பேரைக் கேட்டார்கள். சொன்னாள். பவ்ஸான் கண்டுவிட்டு ஓடிவந்து உள்ளே கூட்டிப்போனான். பியதிலக மேசையில் இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார். அவள் இருக்கவில்லை.

"தம்பி, நான் சொல்லுறதை அப்பிடியே ஐயாவுக்குச் சொல்லவேணும். கூட்டாமல் குறைக்காமல்."

"சொல்லுங்க அக்கா."

"என்ர மனிசனை அடிக்கச் சொல்லும்."

பவ்ஸான் சார்ஜனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"என்னக்கா சொல்றீங்க?"

"சந்தியில, எல்லாரும் பாக்க, ரெண்டு அடி. முகத்தில காயம் தெரிய. இல்லாட்டி அடைச்சு வைக்கட்டும். கோட்டுக்குக் கொண்டு போகட்டும். வீட்டை மட்டும் கொண்டு வரவேண்டாம். தேத்தண்ணி குடுக்க வேண்டாம். கையைப் பிடிக்க வேண்டாம். கும்பிட்டுக் கேக்கிறன் எண்டு சொல்லும்."

அவன் சிங்களத்தில் சொன்னான். பியதிலக பாணைக் கடதாசியில் மூடி வைத்தார். ஏன் என்று கேட்டார். அவள் சொன்னாள்: வாடியில் பேச்சு நின்றதை, தொழில் போனதை, வலையை, பிள்ளையை. சொல்லிக்கொண்டு வரும்போது அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. கோபம்தான் வந்தது.

"ஐயா நல்ல மனிசன். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா இந்த ஊரில பொலிசின்ர நல்லது எங்களுக்குக் கெட்டது. அது ஐயாவுக்கு விளங்காது. எங்களுக்கு இது வரைக்கும் ஆரும் கொண்டுவந்து விட்டதில்லை. கொண்டு போனதுதான்."

பவ்ஸான் கடைசி வார்த்தைகளை மொழிபெயர்க்கும்போது குரலைத் தாழ்த்தினான். பியதிலக நிறையச் சொன்னார். பவ்ஸான் சுருக்கினான்.

"இருபது வருஷமா அடிச்சவராம். அடிபட்டவனே திரும்பத் திரும்ப வந்தானாம். இனி அடிக்க மாட்டாராம். உங்களுக்காகவும் மாட்டாராம். ஆனா வீட்ட வர்றதுதான் பிரச்சினை எண்டால், வரமாட்டாராம். உங்க மாப்பிள்ளைய அப்ப ஆரு கூட்டிட்டுப் போறது எண்டு கேக்கிறார். ரோட்டில விட ஏலாதாம். றெக்சன் கோபத்தோட அவரைத் தேடுறது ஐயாவுக்கும் தெரியும்."

அகஸ்ரினா யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

"நான் வாறன்," என்றாள்.

*

இரண்டு நாள் பெனடிக்ற் வீட்டோடு கிடந்தான். வெட்டின வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் பொழுதுபட, நூல் வாங்கி வருகிறேன் என்று போனவன் வரவில்லை.

அகஸ்ரினா பிள்ளையைச் சரீபா வீட்டில் விட்டுவிட்டுச் சந்திக்குப் போனாள். இருண்ட பிறகு பெண்பிள்ளை தனியே நடக்காத பாதை. காற்றுக்குப் பனைகள் கரகரத்தன. வீதியோரம் கழுதைகள் கூட்டமாக நின்றன. தவறணை பூட்டும் நேரம். வாசலில் நின்ற ஆண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள். ஒருவன், "வந்திட்டாள், முறைப்பாடு எழுதிக் குடுக்க" என்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கொட்டிலுக்குள் பெனடிக்ற் கதிரையில் சரிந்து கிடந்தான். கையில் தேத்தண்ணிக் கோப்பை. எதிரே பியதிலக. பவ்ஸான் அடுப்பைத் தட்டிக்கொண்டிருந்தான். சார்ஜன் எழுந்து தன் கதிரையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, கவிழ்த்த மீன் பெட்டியின்மேல் இருந்தார்.

"எழும்புங்கோ. வீட்டை போவம்," என்றாள் அவள்.

அவன் எழும்பவில்லை. அதற்குள் வாசலில் வெளிச்சம் மறைந்தது.

றெக்சன் நின்றான். பின்னால் இரண்டு பேர். வலது கையைச் சாரத்துக்குப் பின்னால் வைத்திருந்தான். அந்தக் கை இருந்த விதத்திலேயே அகஸ்ரினாவுக்கு விளங்கிவிட்டது. நாள் முழுதும் அவள் பிடிக்கிற சாமான் அது. பின்னால் வந்த இருவருக்கும் கொட்டிலுக்குள் பொலிஸ் இருப்பது தெரிந்ததும் கால் பின்வாங்கியது. றெக்சன் உள்ளே வந்தான். வெறியில் கண் சிவந்திருந்தது.

"தேத்தண்ணி குடிக்கிறியே அண்ணை?" என்றான் பெனடிக்றிடம். "குடி, குடி. என்ர மாமன்ர படகை வித்த தேத்தண்ணி. சீனி கூடவோ?"

பவ்ஸான் எழுந்து கையை இடுப்புப் பக்கம் கொண்டு போனான். வயர்லெஸ் அங்கேதான் இருந்தது. பியதிலக தலையை அசைத்து வேண்டாம் என்றார். அவர் இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. கேத்தலைச் சரித்து இன்னொரு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினார். நிதானமாகச் சீனி போட்டுக் கலக்கினார். அந்தக் கரண்டிச் சத்தம் அகஸ்ரினாவின் பல்லைக் கூசவைத்தது. கோப்பையை நீட்டினார்.

"மல்லி, வாடி வெண்ட," என்றார் சிங்களத்தில். பிறகு அதையே தமிழில், "தம்பி, இரு."

"நான் ஒண்டும் உன்ர ஆள் இல்லை! எனக்கு இதை நீட்டாத!" றெக்சனின் குரல் உடைந்தது. "இவன் என்ன சொன்னவன்? ஒவ்வொரு நாளும் இதில இருந்து உனக்கு என்ன சொன்னவன்? சொல்லு. ஊர் கேக்கட்டும்!"

வெளியே தவறணைக் கூட்டம் முழுதும் வந்து நின்றுவிட்டது. அகஸ்ரினா எழுந்து றெக்சனுக்கும் தன் புருஷனுக்கும் இடையில் நின்றாள். சார்ஜனைப் பார்த்துக் கேட்டாள்.

"ஐயா, நானும் கேக்கிறன். எல்லாருக்கும் முன்னால சொல்லுங்கோ. இவர் உங்களிட்ட என்ன சொன்னவர்?"

பவ்ஸான் மொழிபெயர்த்தான். பியதிலக பதில் சொன்னார்.

"படகு பிடிச்சது நேவி," என்றான் பவ்ஸான். "கடல்ல என்ன நடக்குது எண்டு அவங்க எங்களுக்குச் சொல்றதில்ல. எங்களுக்கே அடுத்த நாள்தான் தெரியும்."

"பொய்!" என்றான் றெக்சன்.

பியதிலக கையை உயர்த்தினார். பவ்ஸானை நிறுத்திவிட்டு, தானே தமிழில் சொல்ல முயன்றார். வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்தார்.

"இவர் ஒரு கதைதான். எல்லா நாளும். இங்கயிருந்து வீடுவரைக்கும். நான் கை பிடிச்சா, இவர் கை நடுங்கும். கேப்பார்... 'வீட்டைதானே? வீட்டைதானே ஐயா?' சந்தியில கேப்பார். கோயில்கிட்ட கேப்பார். வேலிகிட்ட வந்தும் கேப்பார். நான் 'ஓம்' சொல்லுவேன். திரும்பக் கேப்பார். வேற கதை இல்ல."

காற்று கொட்டிலின் ஓலையைத் தூக்கிப் போட்டது. அந்தக் கேள்வியை அங்கே யாருக்கும் விளக்கவேண்டி இருக்கவில்லை. அங்கே நின்ற ஒவ்வொருவரின் வீட்டிலும் யாரோ ஒருவர், கொண்டுபோகப்பட்ட நேரம், அதைக் கேட்டிருந்தார். றெக்சனின் தகப்பனும் அப்படிப் போனவர்தான்.

அகஸ்ரினா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். தான் மட்டும்தான் அந்தச் சப்பாத்துச் சத்தத்துக்கு நடுங்கியதாக அவள் நினைத்திருந்தாள். பெனடிக்ற் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெறியில் இருந்தாலும் வெட்கப்பட்டான், காது சிவந்திருந்தது.

"றெக்சன்," என்றாள் அவள். "அதை இஞ்ச தா."

அவன் அசையவில்லை.

"தா தம்பி. மீன் வெட்டுற கத்தி உனக்கெதுக்கு? அது என்ர அலுவல்."

அவன் கையை முன்னால் கொண்டுவர நெடுநேரம் எடுத்தது. அவள் வாங்கி, முந்தானையில் சுற்றி, பையில் போட்டாள். பியதிலக அந்த நேரம் வெளியே நின்ற கழுதைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பியபோது அவர் எதையும் கண்டவராக இல்லை. பவ்ஸான் வாயைத் திறந்து, சார்ஜனின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

றெக்சன் கதிரையில் பொத்தென்று இருந்தான். கோப்பையைத் தொடவில்லை. முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் சார்ஜன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"யமு, போவம். இவரை நான் வீட்ட விடுறேன்."

"என்னை நீங்கள் கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை," என்றான் றெக்சன் கைக்குள்ளிருந்தே.

"வேண்டாம் ஐயா," என்றாள் அகஸ்ரினா. "நாங்கள் போற வழிதான். நான் கூட்டிக்கொண்டு போறன்."

*

மூவரும் நடந்தார்கள். நடுவில் அவள். ஒரு பக்கம் புருஷன், மறுபக்கம் அவனைக் குத்த வந்தவன். இருவருக்கும் கால் பின்னியது. இருவரையும் மாறி மாறித் தாங்கவேண்டியிருந்தது. பையில் கத்தி தொடையில் இடித்துக்கொண்டே வந்தது. கோயிலடியில் றெக்சன் வேலியோரம் போய்ச் சத்தி எடுத்தான். அவள் பெனடிக்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, போய் அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அந்த வலை..." என்றான் அவன்.

"தெரியும். நட."

அவனுடைய வீட்டு ஒழுங்கையில் நாய்கள் குரைத்தன. தூரத்தில், அவனுடைய தாய் திரேசம்மாவின் வீட்டில் எரிந்துகொண்டிருந்த விளக்கு சட்டென்று அணைந்தது. அகஸ்ரினா நின்றுவிட்டாள். அந்த இருட்டுக்குள் ஒரு பெண் கதவில் கையை வைத்தபடி மூச்சை அடக்கி நிற்பது அவளுக்குத் தெரிந்தது. இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டே அவள் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"திரேசம்மாக்கா! நான் அகஸ்ரினா! உங்கட மகன் வாறான்! ஒண்டுமில்லை, பயப்பிடாதேங்கோ, நான்தான் வாறன்!"

கதவு உடனே திறக்கவில்லை. அவள் இன்னொருமுறை கூப்பிட்டாள். பிறகு நெருப்புக்குச்சி உரசுகிற வெளிச்சம் தெரிந்தது. திரேசம்மா விளக்கோடு வெளியே வந்தாள். மகனை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தாள். முதுகில் நாலு அடி போட்டாள். அதன்பிறகு அகஸ்ரினாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாள்.

எல்லாம் அதோடு சரியாகிவிடவில்லை. அமிர்தநாயகம் பெனடிக்றைத் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிடுவதற்கு அவருடைய மரியாதை இடம் கொடுக்கவில்லை. சரீபா சொல்லி, எருக்கலம்பிட்டியில் ஒரு நண்டு வலைக்காரரிடம் அவனுக்குத் தொழில் கிடைத்தது. றெக்சன் ஒருநாள் வந்து, ஒன்றும் பேசாமல் முற்றத்தில் குந்தி, பெனடிக்றோடு அந்த வலையின் மிச்சத்தைப் பொத்திக் கொடுத்துவிட்டுப் போனான். பெனடிக்ற் குடியை விடவில்லை, குறைத்தான். வாடியில் பெண்கள் அகஸ்ரினா வந்தாலும் கதையை நிறுத்தாமல் இருக்கப் பழகினார்கள். பிறகு அவர்களிலேயே ஒருத்தி, அடுத்து இன்னொருத்தி, இரவில் கொட்டிலுக்குத் தங்கள் ஆட்களைக் கூட்டிப்போக வரத் தொடங்கினார்கள். ஒழுங்கைக்கு ஒழுங்கை, வேலிக்குக் கிட்ட வருமுன்னே பேர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கமானது.

மாரி தொடங்க முன்னம் பியதிலகவுக்கு இடமாற்றம் வந்தது. அவர் போவதற்கு முந்தின கிழமை, கோயில் திருவிழா முடிந்த இரவு, அமிர்தநாயகம் நன்றாகக் குடித்துவிட்டுச் சந்தியில் சைக்கிளோடு விழுந்து கிடந்தார். மருமகன் றெக்சன் கடலுக்குப் போயிருந்தான். அவருடைய வீட்டுப் பெண்கள் இன்னும் கோயிலில். சார்ஜன்தான் ஒரு கையால் சைக்கிளையும் மறுகையால் சம்மாட்டியையும் பிடித்துக்கொண்டு அகஸ்ரினாவின் ஒழுங்கையால் போனார். நாய்கள் குரைத்தன. ஒழுங்கையோரத் தன் முற்றத்தில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்த அகஸ்ரினா சப்பாத்துச் சத்தத்தைக் கேட்டுக் கையை நிறுத்தினாள்.

வளைவில் வரும்போதே அந்தக் கனத்த குரல், வேலிகளுக்கு மேலால், முழு ஒழுங்கைக்கும் கேட்கக் கூப்பிட்டது.

"நான் பியதிலக! சம்மாட்டி ஐயா வாறார்! பயப்பட வேணாம், நான்தான் வாறேன்!"

ஒரு வீட்டிலும் விளக்கு அணையவில்லை.